வீடு பூட்டிக் கிடந்த நாளில் 41 ஜிபி போனது எப்படி?

முக்கூடல் மருமகள் எழுதியது (22ஆம் தேதி):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் (நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளுக்குக் குறியீடு போடுவது) வேலை பார்க்கிறேன். கம்பெனி சென்னையில், நான் முக்கூடலில். ஃபைபர் நெட், 50 எம்பிபிஎஸ் வேகம், மாதம் 1000 ஜிபி டேட்டா. மாட்ட வந்த பையன் "1000 ஜிபியைத் தீர்க்கணும்னா நீங்க தெருவுக்கே நெட் கொடுக்கணும்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். மூன்று மாதமாக 20, 21ஆம் தேதிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் மாதக் கடைசி வரை 2 எம்பிபிஎஸ்தான். அந்த வேகத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணைக்கிற விபிஎன் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு நோயாளியின் சார்ட்டைத் திறந்தால் பாதிப் பக்கம் வந்து உறைந்துவிடும். நேற்று மீட்டிங்கில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று டீம் லீட் சொன்னார்.

வீட்டில் நான், அத்தை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன், மூன்றே பேர்தான். வீட்டுக்காரர் தம்மாமில் இருக்கிறார், ராத்திரி முக்கால் மணி நேரம் வீடியோ காலில் வருவார். பையனுக்குப் போன் ஒரு மணி நேரம், அதற்கு மேல் நான் விடுவதில்லை. மற்றபடி டிவிதான். போன தீபாவளிக்கு வீட்டுக்காரர் பணம் அனுப்பி வாங்கிய 55 இன்ச் 4கே டிவி. டிவி மெதுவாக இருக்கிறது என்று கொழுந்தனார் ஒரு ஆண்ட்ராய்டு பெட்டியும் வாங்கி அதன் பின்னால் மாட்டிவிட்டார்.

அத்தை பீடி சுற்றுகிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான் வேலை. காலை ஒன்பதரைக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி, எதிர்வீட்டு மைனி, இன்னும் இரண்டு பேர் சொளவை (முறத்தை) தூக்கிக்கொண்டு எங்கள் பட்டாசலுக்கு (கூடத்துக்கு) வந்துவிடுவார்கள். டிவியில் பாட்டு, சமையல், ஏதாவது ஊர்க் கும்பாபிஷேகம், அப்புறம் 24 மணி நேரச் செய்தி லைவ், எல்லாம் யூடியூப்பில் ஓடும். ஆனால் யாரும் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. கண் முழுக்க இலையில் இருக்கும். தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவது, தூளைப் பரப்புவது, உருட்டுவது, நுனியை மடக்கி நூலைச் சுற்றுவது, இதற்கே கண் போதாது. டிவியில் யாராவது ஓங்கி அழுதால் மட்டும் நாலு தலையும் சேர்ந்து நிமிரும். அதே வேகத்தில் குனிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று முன்தினம் டேட்டா தீர்ந்தது. டிவி தானாகவே 480 என்ற குறைந்த படத் தரத்துக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக ஒருத்தர்கூட "படம் ஏன் இப்படி இருக்கு" என்று கேட்கவில்லை. தவிக்கிறது நான் மட்டும்தான்.

நெட் கம்பெனியின் ஆப்பில் தினக் கணக்கு மட்டும் தெரிகிறது. ஒரு நாள் 46, மறுநாள் 51, அதற்கடுத்த நாள் 48. சரி, டிவி குடிக்கிறது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் 12ஆம் தேதி எங்கள் அம்மா ஊரில் கோயில் கொடை. முந்தின நாள் ராத்திரியே மூன்று பேரும் பூட்டிவிட்டுப் போய், 13ஆம் தேதி மத்தியானம்தான் வந்தோம். அந்த 12ஆம் தேதிக் கணக்கில் 41 ஜிபி! போன் செய்து கேட்டேன். "யாரோ வைஃபை திருடுறாங்க மேடம், பாஸ்வேர்டை மாத்துங்க" என்றார்கள். மாற்றிவிட்டேன். மறுநாளும் 47.

பூட்டிய வீட்டில் யார் இதைத் தின்கிறார்கள்? அத்தை மனம் கோணாமல் டிவியின் டேட்டாவைக் குறைக்க வழி உண்டா? டிவியை நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது. அந்தக் கூட்டமே டிவியை வைத்துத்தான் கூடுகிறது.

வண்ணார்பேட்டை வாசி:

சிம்பிள். 3300 ஜிபி பிளானுக்கு மாறுங்கள். 200 ரூபாய் கூட ஆகும், அவ்வளவுதான். 200 ரூபாய்க்காக இவ்வளவு ஆராய்ச்சியா?

முக்கூடல் மருமகள்:

200 ரூபாய் அத்தைக்கு ஏறக்குறைய ஒரு நாள் பீடி. டிவிக்காகத்தான் கூடக் கட்டுகிறோம் என்று தெரிந்தால் மறுநாளே டிவியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம், பூட்டிய வீட்டில் 41 ஜிபி ஓடுகிறது என்றால் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தொட்டியைப் பெரிசாக்கி என்ன பிரயோஜனம்?

ஃபைபர் அண்ணாச்சி:

தங்கச்சி சொல்வதுதான் சரி, முதலில் ஓட்டையைப் பார்ப்போம். நான் அம்பாசமுத்திரம் பக்கம் பத்து வருஷமாகக் கேபிளும் ஃபைபரும் இழுக்கிறேன். இந்த மாதிரி வீடுகள் நிறையப் பார்த்தாயிற்று.

முதலில் ஒரு கணக்கு. எம்பிபிஎஸ் என்பதில் உள்ள பி பிட், ஜிபியில் உள்ள பி பைட். எட்டு பிட் ஒரு பைட். 1 எம்பிபிஎஸ் ஓட்டம் ஒரு மணி நேரம் நிற்காமல் போனால் 450 எம்பி, அதாவது 0.45 ஜிபி. இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் போதும், மிச்சத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். நெட்ஃப்ளிக்ஸ் 4கே பார்க்க 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது. 15ஐ 0.45ஆல் பெருக்கினால் 6.75 வருகிறதா? அவர்களே மணிக்கு 7 ஜிபி வரை ஆகும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எச்டி என்றால் 3 ஜிபி வரை. யூடியூப்பில் 1080க்கு 5 எம்பிபிஎஸ், 720க்கு 2.5, 480க்கு 1.1 வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் அளவு. அது படம் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டிய வேகம், உண்மையில் இழுப்பது பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

இப்போது உங்கள் 41ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1.7 ஜிபி. அதை 0.45ஆல் வகுத்தால் 3.8 எம்பிபிஎஸ். நாள் முழுக்க ஒரே சீராக 3.8 எம்பிபிஎஸ் இழுக்கிற திருடன் கிடையாது. திருடுகிறவன் படம் இறக்குவான், தூங்குவான், காலேஜுக்குப் போவான். இப்படி விடிய விடிய ஒரே நிதானத்தில் ஓடுவது 1080இல் ஒரு லைவ்தான். அந்தச் செய்தி லைவைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

அத்தை டிவியை எந்த ரிமோட்டால் அமத்துகிறார்கள்? டிவி ரிமோட் என்றால், டிவி மட்டும்தான் அணையும். பின்னால் இருக்கிற பெட்டிக்கு அது தெரியவே தெரியாது, அது பாட்டுக்குப் படத்தை இழுத்துக்கொண்டிருக்கும். குச்சி மாதிரிச் சாதனம் டிவியின் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்தால் சில டிவிகளில் கூடவே அணைந்துவிடும். தனி அடாப்டர் என்றால் அணையாது. இன்று ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு போன், லேப்டாப் எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு மோடத்தில் வைஃபை விளக்கைப் பாருங்கள். எப்போதாவது மினுக்கினால் பரவாயில்லை. படபடவென்று அடித்தால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

பாளை ஓய்வூதியர்:

டேட்டா தீர்ந்ததும் படம் தானாக இறங்கியது என்று அந்தப் பெண் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது கோளாறு இல்லை. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 240, 480, 720, 1080 என்று பல தரத்தில் செய்து சர்வரில் வைத்திருப்பார்கள். பெட்டி ஒரு துண்டு எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்கலாம் என்று முடிவு செய்யும். பந்தியில் சாம்பார் குறைந்தால் கரண்டியைச் சின்னதாக்கி ஊற்றுவதில்லையா, அதேதான். அதனால்தான் 2 எம்பிபிஎஸ்ஸிலும் டிவி ஓடுகிறது, விபிஎன் விழுகிறது. டிவிக்கு வளைந்துகொடுக்கத் தெரியும், விபிஎன்னுக்குத் தெரியாது. (2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். ஆக, சட்டப்படி உங்கள் வீட்டில் இப்போது வருவதும் பிராட்பேண்ட்தான் அம்மா!)

ஆனால் தரத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய வேளையில், நெட் தாங்காது என்று மொபைல் நெட்வொர்க்கில் 480க்கு மேல் காட்டுவதில்லை என்று ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் சேர்ந்து முடிவெடுத்தன. ஏப்ரல் 14 வரை என்றார்கள். அந்த மூன்று வாரமும் நான் போனில் பார்த்த படங்கள் சோற்றுக் கஞ்சித் தண்ணிக்குள் பார்த்த மாதிரி இருந்தன. போனிலேயே அந்த லட்சணம், 55 இன்ச்சில் கேட்கவே வேண்டாம். நாலு பேர் கவனிக்கவில்லை என்றால் நாலு பேருக்கும் கண் தெரியவில்லை என்று அர்த்தமா?

ஃபைபர் அண்ணாச்சி:

ஐயா, பீடி சுற்றும்போது 4கே எதற்கு? 4கேயில் பார்த்தாலும் இலை கிழிந்தால் கிழிந்ததுதான்.

பாளை ஓய்வூதியர்:

நான் 4கே கேட்கவில்லை. 480 வேண்டாம் என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது.

முக்கூடல் மருமகள் (24ஆம் தேதி):

அண்ணாச்சி, கண்டுபிடித்துவிட்டேன்!

நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அத்தையும் பையனும் தூங்கியபிறகு பட்டாசலுக்கு வந்தேன். விளக்குப் போடவில்லை. அலமாரி மேல் இருக்கிற மோடத்தில் வைஃபை விளக்கு மட்டும் பச்சையாகப் படபடத்துக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்னபடி டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பெட்டியைத் தொட்டேன். தோசை சுட்டு முடித்துக் கால் மணி நேரம் கழித்துக் கல்லைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. மேலே பீடித்தூள் ஒரு படலமாகப் படிந்திருந்தது, என் விரல் தடம் அதில் பதிந்துவிட்டது. டிவியைப் போட்டதுமே சத்தத்தை அமுக்கினேன். ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். ராத்திரிப் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டு இருட்டைப் பார்த்து, பூட்டிய கதவைப் பார்த்து வாசித்திருக்கிறாள். கொடை அன்றைக்கும் இவள்தான், இல்லை இவளோடு ஷிப்ட் மாற்றுகிறவள்.

காலையில் அத்தையிடம் கேட்டேன். "ஏட்டி, நான் படுக்கப் போம்போதெல்லாம் டிவியை அமத்திட்டுத்தானே போறேன்" என்றார்கள். உண்மைதான். அமத்தியிருக்கிறார்கள். சிவப்பு விளக்கு வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். டிவி ரிமோட்டுக்குத் தையல் போட்ட பிளாஸ்டிக் உறை இருக்கிறது, தூள் போகாமல் இருக்க. பெட்டி ரிமோட் உறையில்லாமல் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. பேட்டரி செத்து எத்தனை நாளோ! பெட்டியைப் பையன் தன் போனிலிருந்து ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்தரை வரை என்று வைத்தால் ஏழரை மணி நேரம், உங்கள் 1.7 கணக்கில் கிட்டத்தட்ட 13 ஜிபி. 1000 தீர்கிற 20 நாளுக்குள்ளேயே 260! அண்ணாச்சி, 1000இல் 260 ஜிபி செய்தி, ஒருத்தரும் கேட்காதது.

ஃபைபர் அண்ணாச்சி:

நான் சொல்லலை? சரி, இப்போது இதை அடைக்க வேண்டும். டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ சிஇசி என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை டிவியிலும் பெட்டியிலும் போட்டுவிட்டால், டிவி அணையும்போது பெட்டிக்கும் தகவல் போகும். இது எல்லா ஜோடிக்கும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டால் பெட்டி அடாப்டரைச் சுவிட்ச் உள்ள ஜங்ஷன் பாக்ஸில் போட்டுவிடுங்கள், ராத்திரி சுவிட்சை அமத்தினால் தீர்ந்தது.

தரத்துக்கு: டிவி யூடியூப்பில் ஒவ்வொரு வீடியோவாகத் தரத்தைக் குறைத்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியம் இல்லை, அடுத்த வீடியோவில் ஆட்டோவுக்குப் போய் நிற்கும். பெட்டியின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 4கேயை எடுத்துவிட்டு 1080 வையுங்கள். என் வீட்டுப் பெட்டியில் அப்படி வைத்தபிறகு யூடியூப் 4கே இழுப்பதில்லை. அதைவிட உறுதியான வழி ரவுட்டரில் பாண்ட்விட்த் கண்ட்ரோல். டிவிப் பெட்டிக்கு மட்டும் 3 எம்பிபிஎஸ் என்று கட்டிவைத்தால், பாளை ஐயா சொன்ன அந்தக் கரண்டிக் கணக்கில் படம் தானாக 720இல் நின்றுவிடும். உங்கள் ஆபீஸ் வேலைக்கும் இடிக்காது. கம்பெனி கொடுத்த மோடத்தில் பெரும்பாலும் அந்த மெனுவைப் பூட்டியிருப்பார்கள், அப்போது தனி ரவுட்டர் இருந்தால்தான் முடியும்.

முக்கூடல் மருமகள் (அடுத்த மாதம், 30ஆம் தேதி):

பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு மாதக் கணக்கோடு வரலாம் என்று இருந்தேன்.

சிஇசி எங்கள் ஜோடிக்கு ஒத்துவரவில்லை. டிவி போட்டால் பெட்டி முழிக்கிறது, டிவி அமத்தினால் பெட்டி தூங்க மாட்டேன் என்கிறது. ஜங்ஷன் பாக்ஸ்தான் வாங்கினேன். அத்தைக்கு அது உடனே பிடித்துவிட்டது. ராத்திரி கேஸை மூடியாச்சா, வாசலைப் பூட்டியாச்சா என்று ஒரு சுற்று வருவார்கள், அதில் இந்தச் சுவிட்சும் சேர்ந்துவிட்டது. இப்போது நான் லேப்டாப்பை அமத்தினேனா என்று என்னைக் கேட்கிறார்கள்.

கொழுந்தனாரின் பழைய ரவுட்டர் ஒன்று பரணில் கிடந்தது. அதில் டிவிப் பெட்டிக்கு 3 எம்பிபிஎஸ் கட்டினேன். 720இல் ஓடியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மைனி ஒன்றும் சொல்லவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். பத்தாவது நாள் பக்கத்து வீட்டு ஆச்சி சொளவைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, இந்தப் பிள்ளை போட்டிருக்க மூக்குத்தி கல்லு எத்தனைன்னு தெரியலியே, போன மாசம் தெரிஞ்சுதே" என்றார்கள். ஆச்சிக்குத் திருநெல்வேலியில் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. புதுக் கண். இத்தனை நாளும் குனிந்தே இருந்தவர்கள் எப்போது மூக்குத்தியை எண்ணினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பாளை ஐயா ஜெயித்துவிட்டார். 6 எம்பிபிஎஸ் ஆக்கி 1080 வரவைத்துவிட்டேன். ஏழு கல் மூக்குத்தி.

பாளை ஓய்வூதியர்:

ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

முக்கூடல் மருமகள்:

கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். இன்று வரை 534 ஜிபி. மாதம் முழுக்க ஒரு நாள்கூட விபிஎன் விழவில்லை. அண்ணாச்சி, கடைசியாக ஒரு கேள்வி, இது அத்தை கேட்கச் சொன்னது. மிச்சம் 466 இருக்கிறதே, அது அடுத்த மாதக் கணக்கில் சேருமா? "பீடிக்கடையிலயே மிஞ்சின இலையை மறுநாளைக்குச் சேத்துக்கிடலாம்லா" என்கிறார்கள்.

ஃபைபர் அண்ணாச்சி:

சேராது தங்கச்சி. 1ஆம் தேதி விடிந்தால் மறுபடியும் 1000தான். வேண்டுமானால் இன்று ராத்திரி ஒரு நாளைக்கு அந்த 6 எம்பிபிஎஸ் கட்டை அவிழ்த்துவிட்டு, ஆச்சியைக் கூப்பிட்டு 4கேயில் காட்டுங்கள்.